காற்றாலைக் காட்டில் ஒரு சாம்பியன்ஷிப்: தேசியக் கார் ராலி சீசன் எப்படி நடக்கிறது?

பல்லடத்தை அடுத்த கேத்தனூர்ப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி நட்டவை. ஒவ்வொரு காற்றாலையின் அடிவரைக்கும் ஒரு மண்பாதை போகும். கோபுரத்தையும் இறக்கைகளையும் ஏற்றி வந்த நீள வண்டிகளுக்காகப் போட்டது. இப்போது பழுதுபார்க்க வருகிறவர்களுக்குப் பயன்படுகிறது. கொங்கு வட்டாரத்தில் காடு என்றால் வனம் என்று பொருளில்லை, மானாவாரி நிலம். அந்தக் காட்டுக்குள் ஓடும் பாதைகளில்தான் இந்தியத் தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் கோவைச் சுற்று நடந்திருக்கிறது.

வருடம் முழுக்க ஒரு டெக்னீஷியனின் பைக் மட்டும் போய்வரும் பாதையில் நாட்டின் வேகமான ஓட்டுநர்கள் வந்து மோதிக்கொள்வது ஏன் என்பது, ராலி என்ற விளையாட்டைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். என் கணிப்பில், ஒரு ராலி சீசனை முடிவு செய்வதில் காருக்கும் ஓட்டுநருக்கும் முன்னால் நிற்பது சாலை. எந்தச் சாலை கிடைக்கிறது, யார் தருகிறார்கள், எத்தனை நாளைக்குத் தருகிறார்கள் என்பதிலிருந்துதான் மற்ற எல்லாமே தொடங்குகிறது.

தமிழில் ராலி என்றதும் கொடி கட்டிய பைக்குகள் வரிசையாகப் போகும் பேரணிதான் பலருக்கு மனதில் வரும். கார் ராலியில் வரிசையே கிடையாது. ஒவ்வொரு காரும் தனியாகப் புறப்படும், தனியாகவே போய்ச் சேரும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்கில் நடப்பது போல இருபது கார்கள் ஒரே நேரத்தில் சீறுவதும், ஒன்றையொன்று முந்துவதும் இங்கே இல்லை. போக்குவரத்தை நிறுத்தி மூடிய ஒரு பாதைத் துண்டில், ஒன்று அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். அந்தத் துண்டுக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். அதைக் கடக்க எடுத்த நேரம் நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை குறிக்கப்படும். இப்படி இரண்டு மூன்று நாளில் பல ஸ்டேஜ்கள். எல்லா நேரத்தையும் கூட்டினால் குறைவாக வருபவர் வெற்றியாளர். முன்னால் போகும் எதிரியை ஓட்டுநர் கடைசிவரை கண்ணால் பார்க்காமலே போகலாம். பார்த்தால், ஒருவர் பழுதாகி நிற்கிறார் என்று அர்த்தம்.

ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் இடையே இருப்பது சாதாரணப் பொதுச்சாலை. அங்கே போட்டிக் காரும் பால் வண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே, சிக்னலில் நின்று, வேக வரம்புக்குள்தான் போக வேண்டும். நேரத்தைச் சரிபார்க்கும் சாவடியான அடுத்த டைம் கன்ட்ரோலுக்கு இன்ன நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்று டைம் கார்டில் எழுதியிருக்கும். சர்வதேச விதிப்படி ஒரு நிமிடம் தாமதமானால் 10 நொடி அபராதம். ஒரு நிமிடம் முந்தி வந்தால் அபராதம் ஒரு முழு நிமிடம். முந்தி வருவதற்கு ஆறு மடங்கு தண்டனை ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: பொதுச்சாலையில் பறக்க ஓட்டுநருக்கு எந்த ஆசையும் வரக்கூடாது. முந்தி வந்துவிட்டவர்கள் கன்ட்ரோல் பலகைக்குச் சற்று முன்னால் காரை ஓரங்கட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு புளியமரத்தடியில் நிமிடத்தை எண்ணிக்கொண்டு நிற்பதுதான் ராலியில் எனக்கு மிகப் பிடித்த காட்சி.

காருக்குள் இரண்டு பேர். வலது பக்கம் ஓட்டுநர். இடது பக்கம் கோ-டிரைவர், பழைய ஆட்கள் நேவிகேட்டர் என்பார்கள். டைம் கார்டு, அபராதக் கணக்கு, புறப்பாட்டு நேரம் எல்லாம் இவர் பொறுப்பு. ஆனால் இவருடைய உண்மையான வேலை நோட்ஸ். போட்டிக்கு முன்பே ரெக்கி என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். சாதாரணக் காரில், கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில், ஒவ்வொரு ஸ்டேஜையும் வழக்கமாக இரண்டு முறை சுற்றிப் பார்க்கலாம். முதல் முறை ஓட்டுநர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதிக்கொள்வார். இரண்டாம் முறை வாசித்துச் சரிபார்ப்பார்கள். வளைவின் கடுமைக்கு ஒரு எண், அடுத்த வளைவு வரை எத்தனை மீட்டர், நடுவில் மேடா பள்ளமா, உள்பக்கம் கல் இருக்கிறதா என்று எல்லாம் சுருக்கெழுத்தில் பதிவாகும். நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வாசிப்பார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இடது நாலு, அறுபது, மேடு தாண்டி வலது மூணு, போகப் போக இறுகும், உள்ளே வெட்டாதே, கல்லு.”

அந்த மேட்டைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு முழு ஆக்சிலரேட்டரில் போவதற்கு அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் காதில் விழும் அந்தக் குரல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் நகரும். வாசிப்பவர் ஒரு நொடி பிந்தினால் வளைவு 28 மீட்டர் பின்னால் போய்விட்டது. ஒரு நொடி முந்தினாலும் கெடுதல்தான். ஓட்டுநர் அதை முந்தைய வளைவோடு போட்டுக் குழப்பிக்கொள்வார். குலுங்கும் காரில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், உடம்பு உணரும் ஆட்டத்தை வைத்தே எந்த வளைவில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து, சரியான கணத்தில் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். சாம்பியன்ஷிப்பில் ஓட்டுநருக்கு ஒரு பட்டம் உண்டென்றால் கோ-டிரைவருக்கும் தனிப் பட்டம் உண்டு. காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீஃப் அப்படிப் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர். ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இடது இருக்கையில் அவர் இருந்தார். செய்திகளில் கோ-டிரைவர் பெயர் ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் வந்து போவது எனக்கு எப்போதுமே குறையாகப் படுகிறது.

மண்பாதையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. முதலில் போகும் கார் மேலே கிடக்கும் உதிர்ந்த கிராவலைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. டயருக்குப் பிடிமானம் குறைவு. பின்னால் வருபவர்களுக்குத் துடைத்துவைத்த தடம் கிடைக்கும். ஆனால் வெகுதூரம் பின்னால் வந்தால் அந்தத் தடமே பள்ளமாகியிருக்கும், காரின் அடிவயிறு தட்டும். புழுதி வேறு. காற்றில்லாத நாளில் முன் போன காரின் புழுதி பாதைமேல் திரையாகத் தொங்கும்; அதற்குள் நோட்ஸை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். காற்றாலைக் காட்டின் ஒரு அனுகூலம் இங்கேதான். காற்று இருக்கிற இடத்தில் புழுதி நிற்காது, பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். சிக்கமகளூரின் காபித் தோட்டப் பாதைக்குள் இந்தக் கதையே வேறு. இரண்டு பக்கமும் நிழல் மரங்கள், குறுகிய தடம், மழை பெய்தால் வழுக்கும் செம்மண். கேத்தனூரில் தவறு செய்தால் பெரும்பாலும் வயலுக்குள் போய் நிற்கலாம். காபித் தோட்டத்தில் மரம் நிற்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் இட்டாநகர்ப் பக்கம் மலை. ஒரே ஓட்டுநர், ஒரே கார், ஒரு சீசனுக்குள் இத்தனை சாலைக் குணங்களையும் சமாளிக்க வேண்டும் என்பதால்தான் தனித்தனி ராலியைவிட சாம்பியன்ஷிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஸ்டேஜ்களுக்கு நடுவே கார் சர்வீஸ் பார்க்குக்கு வரும். அங்கே மெக்கானிக்குகளுக்கும் கடிகாரம்தான் எஜமான். கொடுத்த நேரத்துக்குள் கார் வெளியேறாவிட்டால் அதே தாமத அபராதம். வளைந்த சஸ்பென்ஷனைக் கழற்றி, டிரைவ் ஷாஃப்ட்டை மாற்றி, தேவைப்பட்டால் கியர்பாக்ஸையே இறக்கி வேறு மாட்டி, டயர் பூட்டி அனுப்புவதற்குள் நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழாமல் வேலை செய்ய வேண்டும். ராலியில் நொடிக்கணக்கில் கிடைக்கும் வெற்றிகளில் பாதி இங்கே நிமிடக்கணக்கில் காப்பாற்றப்பட்டவை.

இனி சீசன் கணக்குக்கு வருவோம். சீசனின் ஒவ்வொரு ராலியும் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த இடத்துக்குப் புள்ளி. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து அதிகம் பெற்றவர் சாம்பியன். உலக ராலியில் 2010 முதல் பழக்கத்துக்கு வந்த 25, 18, 15 என்ற புள்ளிமுறையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து சுற்றுகள் கொண்ட ஒரு சீசன். ஒருவர் மூன்று சுற்றில் முதலிடம், மீதி இரண்டில் கார் உடைந்து வெளியேறினார்: 75 புள்ளி. இன்னொருவர் ஒரு சுற்றில்கூட ஜெயிக்கவில்லை. மூன்று முறை இரண்டாமிடம், இரண்டு முறை மூன்றாமிடம்: 54-உம் 30-உம் சேர்ந்து 84. பட்டம் இவருக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் அநியாயம் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரை வீடு கொண்டு சேர்ப்பதும் ஓட்டும் திறமையில் அடங்கியது என்று இந்த விளையாட்டு ஆரம்பத்திலிருந்தே நம்புகிறது.

சுற்றுகள் குறைவாக இருக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாகிறது. இருபதுக்கு மேல் பந்தயம் நடக்கும் ஃபார்முலா ஒன்றில் ஒரு ஓட்டுநர் ஒரு நாளைக் கோட்டைவிட்டால் அடுத்த வாரம் மீட்கலாம். நாலைந்து சுற்றுகளே உள்ள தேசிய ராலியில் ஒரு கல், ஒரு பஞ்சர், ஆண்டின் நாலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் பட்டப் போட்டியில் இருப்பவர்கள் கடைசிச் சுற்றுகளில் எங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது, எங்கே வேகம் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதைவிட சுவாரஸ்யமானது. ஸ்டேஜ் தூரம் மொத்தம் நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு அரை நொடி விட்டுக்கொடுப்பது மொத்தத்தில் 50 நொடி. அதை எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்ற கணக்கை ஓட்டுநரும் கோ-டிரைவரும் ஒவ்வொரு சர்வீஸிலும் புதிதாகப் போடுவார்கள்.

இந்தியாவில் இது தேசிய சாம்பியன்ஷிப்பாக உருவெடுத்தது 1988-இல். அதற்கு முன்பே ராலிகள் இருந்தன. ஆனால் அவற்றில் பல டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) வகை: இன்ன சராசரி வேகத்தில், இன்ன தூரத்தை, இன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். இரவெல்லாம் பொதுச்சாலையில் ஓடி, கணக்கில் பிசகாதவர் ஜெயிப்பார். அங்கிருந்து மூடிய சாலையில் முழு வேகம் என்ற முறைக்கு வந்ததுதான் பெரிய மாற்றம்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது அதுதான். அதன் தென்னிந்திய ராலி நாட்டின் மூத்த ராலிகளில் ஒன்று. 1971-இல் உருவான இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்புக்கும் தலைமையகம் சென்னைதான். கோவையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அவர் மகன் நரேன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். மகன் பெயரைத் தெரிந்த அளவுக்கு அப்பாவின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. லீலாகிருஷ்ணன், நரேன் குமார் என்று கோவை தொடர்ந்து ராலி ஓட்டுநர்களைத் தந்தது. லேத் பட்டறைகளும் மோட்டார் பம்ப் தொழிலும் இருந்த ஊர். உடைந்த பாகத்தை ஒரே ராத்திரியில் கடைந்து கொடுக்கும் கைகள் அங்கே இருந்தன. ஓட்டுநர்கள் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சண்டிகரின் ஹரி சிங் ஐந்து முறை தேசிய சாம்பியன். டெல்லியின் கௌரவ் கில் பலமுறை தேசியப் பட்டம் வென்றதோடு, 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் சாம்பியனாகவும் ஆனார். 2019-இல் மோட்டார் பந்தயத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆள் அவர். பெங்களூரின் கர்ணா கடூர் 2016-இல் தேசியப் பட்டம் வென்றார். வடக்கும் தெற்கும் இப்படி மாறி மாறி வந்தாலும், பழைய பட்டியல்களைப் புரட்டும்போது என் கண் போவது பெயர்களுக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் கார்களின் மேல்தான்.

1983-க்கு முன் இந்தியாவில் ராலி ஓட்ட நினைத்தவருக்கு அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் தேர்வுகளே. பிறகு மாருதி 800 வந்தது. 1985-இல் ஜிப்ஸி வந்தது. நாலு சக்கரத்துக்கும் விசை போகும், எடை குறைவு, எங்கே உடைந்தாலும் சரிசெய்யலாம் என்பதால் ராலிக்காரர்களுக்கு ஜிப்ஸி ஒரு வாழ்நாள் துணை ஆனது. அதற்கென்றே தனிப் பிரிவு வைத்துப் போட்டி நடந்திருக்கிறது. அதன் பின் எஸ்டீம், பலேனோ, ஹோண்டா சிட்டி விடெக். பிறகு மிட்சுபிஷி சீடியா சில ஆண்டுகள் ஆட்டிப்படைத்தது. அந்த சீடியா திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரான கார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விற்பனைக் கணக்கில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை; கிராவலில் அதற்கு நிகர் அப்போது குறைவு. அடுத்து ஃபோக்ஸ்வாகன் போலோ வந்தது. மகேந்திரா அணி எக்ஸ்யுவி 500 என்ற கனத்த எஸ்யுவியையே ராலிக் காராக்கி கில்லிடம் கொடுத்தபோது சிரித்தவர்கள், முடிவுகள் வந்த பிறகு சிரிக்கவில்லை.

ஏன் இங்கே உலகத்தரக் கார்களைக் கொண்டுவரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கில் ஆசிய பசிபிக் பட்டம் வென்ற ஸ்கோடா ஃபாபியா ஆர்5 போன்ற கார் வெளிநாட்டிலேயே கோடிகளில் விலை. இறக்குமதி செய்தால் சுங்கவரி, காரின் விலையை ஒட்டி இன்னொரு விலை. கியர்பாக்ஸ் உடைந்தால் அதற்கும் வெளிநாட்டுக்குத்தான் கையேந்த வேண்டும். ஆகவே இங்கேயே தயாராகி, இங்கேயே ஷோரூமில் விற்கும் காரை எடுத்து, உள்ளே ரோல் கேஜ் கூண்டு கட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, இன்ஜினுக்கு அடியில் காப்புத் தகடு பூட்டி ஓட்டுகிறார்கள். இன்ஜின் அளவையும் எவ்வளவு மாற்றம் செய்திருக்கிறார்கள் என்பதையும் வைத்துப் பிரிவுகள். ஒட்டுமொத்தப் பட்டம் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நாலு என்று பிரிவுப் பட்டங்கள், இளையோருக்கு ஒன்று. ஒரு ராலி முடிந்ததும் இத்தனை பேர் கோப்பையோடு நிற்பது புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். ஆனால் சொந்தக் காசில் ஓட்டும் ஓர் இளைஞர் பெரிய அணியின் காரோடு தன் நேரத்தை ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாமல், தனக்குச் சமமானவரோடு மோத வழி இதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி டயரிலிருந்து. சென்னையின் எம்ஆர்எஃப்பும் டெல்லியின் ஜேகே டயரும் அணிகள் அமைத்து எதிரெதிரே நின்ற ஆண்டுகள்தான் இந்திய ராலியின் செழிப்பான காலம் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். டயர் கம்பெனிக்கு ராலி இயல்பான மேடை. கல்லிலும் சேற்றிலும் தாங்குகிறதா என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டு ஓரிரு நிறுவனங்களின் விளம்பரச் செலவில் மட்டும் நிற்கும்போது, அந்தச் செலவு குறைகிற ஆண்டில் சீசனும் மெலிந்துபோகும். எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பெரிய கவலை அது.

அடுத்த கவலை சாலை. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசியச் சுற்று நடந்துகொண்டிருந்தபோது, மூடப்பட்ட ஸ்டேஜுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. போட்டிக் கார் அதன்மேல் மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். ராலி அத்தோடு நிறுத்தப்பட்டது. அந்தப் பாதை அவர்கள் அன்றாடம் போய்வரும் வழி. அன்று ஒரு நாள் மட்டும் அது வேறொன்றாக மாறியிருந்தது. இந்தியக் கிராமத்தில் ஒரு சாலையை மூடுவது என்றால் இரண்டு முனையில் தடுப்பு வைப்பதோடு முடியாது. நடுவில் எத்தனை வரப்பு, எத்தனை வீட்டு வாசல், எத்தனை ஒற்றையடிப் பாதை அதில் வந்து சேர்கின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். மாடு மேய்ப்பவர் முதல் பள்ளிக்கூடம் வரை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். போட்டிக் கார்களுக்கு முன்னால் பாதுகாப்புக் கார்கள் வரிசையாகப் போய், கடைசியாக ஜீரோ கார் கடந்த பிறகுதான் முதல் போட்டியாளர் கிளம்புவது இதற்காகவே. வழிநெடுக ரேடியோ வைத்திருக்கும் மார்ஷல்கள், ஸ்டேஜ் தொடக்கத்தில் ஆம்புலன்ஸ், கார் நின்றுவிட்டால் பின்னால் முக்கோணப் பலகை, ஆபத்தில்லை என்றால் பச்சை ஓகே அட்டை, உதவி வேண்டுமென்றால் சிவப்பு எஸ்ஓஎஸ் அட்டை என்று எல்லாம் ஏட்டில் உண்டு. அந்த வரப்பில் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் ஆள் இருந்தால்தான் ஏடு வேலை செய்யும். அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

காற்றாலைப் பாதையும் காபித் தோட்டமும் ராலிக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போயின என்பது இப்போது விளங்கும். ஒரு சொந்தக்காரர், ஓரிரு நுழைவாயில், உள்ளே போக்குவரத்து இல்லை. பாதுகாப்பாக மூடிக்காட்ட முடிகிற சாலை. இதனால் ஒன்றை இழக்கிறோம் என்பதும் உண்மை: ஊருக்கு ஊர், மலைக்கு மலை ஓடிய பழைய ராலியின் நீளம் போய், குறுகிய ஸ்டேஜ்களை இருமுறை மும்முறை சுற்றுவது பழக்கமாகிவிட்டது. மூன்றாம் முறை அதே வளைவுக்கு வரும் ஓட்டுநருக்கு நோட்ஸின் தேவை குறைகிறது, கோ-டிரைவரின் அருமையும் கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் எனக்குத் தேர்வு செய்யச் சொன்னால் மூடிய கதவுக்குள் ஓடும் குறுகிய ஸ்டேஜைத்தான் கேட்பேன்.

ராலி முடிந்த மாலை, கடைசிப் போட்டியாளருக்குப் பின்னால் ஸ்வீப்பர் கார் வந்து யாரும் நிற்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு தடுப்புக் கயிறுகள் அவிழும். வளைவுகளின் உள்பக்கத்தில் கார்கள் தோண்டிய பள்ளம் சில இடங்களில் முழங்கால் ஆழம் இருக்கும். அதை மண் போட்டு மட்டம் செய்து கொடுப்பதும் நடத்துபவர்களின் வேலைதான். மறுநாள் அந்த வழியில் காற்றாலைக்கு ஆள் போக வேண்டும். அடுத்த ஆண்டு அதே வாசலில் போய் மறுபடியும் சாலையைக் கேட்க வேண்டும்.